ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு எத்தனை டாங்?

பிப்ரவரி 27, வியாழன். கோவில்பட்டி

நேற்றுக் காலை சாப்பிட்டது: சேமியா உப்புமா, தேங்காய்ச் சட்னி. சரியாக ஞாபகம் இருக்கிறது.

வியட்நாம் போக இன்னும் மூன்று நாள். காலை நடை முடிந்து பள்ளி மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும்போது பொதுப்பணப் பேச்சு வந்தது. ஓட்டல், வண்டி, காலைச் சாப்பாடு எல்லாம் டூர் கம்பெனி பொறுப்பு. மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு, டிக்கெட், டிப்ஸ், இளநீர் எல்லாம் நம் பொறுப்பு. ஆளுக்குப் பத்தாயிரம் போட்டு ஒரே பையில் வைத்து ஒருத்தி செலவு செய்வது என்று முடிவாயிற்று. அந்த ஒருத்தி யார் என்பதற்கு மூன்று விரல்களும் என் பக்கம் நீண்டன.

“முப்பத்தோரு வருசம் கேஷ் கவுண்டர்ல இருந்தவ பக்கத்துல இருக்கையில வேற யாருகிட்ட குடுக்கச் சொல்லுத?” என்றாள் தங்கபுஷ்பம். பஜாரில் மொத்த மளிகைக் கடையை நடத்துகிறவள். அவள் கையில் கொடுத்தாலும் ஒரு குறையும் வராது. அவளே என்னைச் சொன்னது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

“அக்காதான்” என்றாள் ஜெபசெல்வி. ஓய்வுபெற்ற விளையாட்டு டீச்சர். விசில் இல்லாத குறையே தவிர எதையும் உத்தரவாகத்தான் சொல்வாள். மூன்றாவது ஆள் கோமதி. என் தம்பி பெண்டாட்டி. அவள் எதற்கும் “மதினி சொன்னா சரி” என்பாள்.

வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். கூட்டுறவு வங்கியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கடைசி வருடம் கேஷில்கூட இல்லை, பாஸ்புக் பதிகிற இடத்தில் இருந்தேன். முதுகு வலிக்காக நானே கேட்டு மாறிக்கொண்டது அது. அதை இங்கே விரிவாக எழுத அவசியமில்லை.

கூடத்தில் புதிதாக மாட்டிய எல்.இ.டி. பல்பு சரியில்லை. சுற்றிலும் ஒரு வளையம் தெரிகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் திட்டினேன். நல்ல பல்புதான் என்று சாதித்துவிட்டுப் போனான்.

மார்ச் 3, திங்கள். ஹனாய்

நேற்றுக் காலை: விமான நிலையத்தில் பொங்கல். பாதிதான் சாப்பிட்டேன். மிளகு போதவில்லை.

இன்று நான் கோடீஸ்வரி. எங்கள் வழிகாட்டி ஹான் என்கிற அம்மாள், நாற்பது வயதிருக்கும், கூட்டிப்போய்ப் பணம் மாற்றிக் கொடுத்தார். நாங்கள் மதுரையில் ரூபாய் கொடுத்து வாங்கிய டாலரை இங்கே டாங்காக மாற்றினோம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ரூபாய்க்குச் சரியாக முந்நூறு டாங். நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு கோடியே இருபது லட்சம்! கோமதி பையை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். “யாத்தே! எங்கய்யா பாத்திருந்தா நெஞ்சு வெடிச்சிருப்பாரு” என்றாள். போட்டோ எடுத்துக்கொண்டோம்.

நோட்டெல்லாம் பிளாஸ்டிக் போல வழுக்குகிறது. ஈர ஸ்பாஞ்சு தொட்டு எண்ணிப் பழகிய விரலுக்கு இது பிடிக்கவில்லை. எல்லா நோட்டிலும் ஒரே முகம் வேறு. நிறமும் ஒன்றுபோலவே மங்கலாக இருக்கிறது. சைபர்களை எண்ணித்தான் எது எதுவென்று சொல்ல வேண்டும். இந்த ஓட்டலில் பல்புகள் நம் வீட்டுப் பல்பைவிட மோசம்.

மதியச் சாப்பாட்டு மேசையில் மூவருக்கும் வகுப்பு எடுத்தேன். டாங்கை ரூபாயாக்க இரண்டு சைபரை வெட்டு, மூன்றால் வகு. ரூபாயை டாங்காக்க மூன்றால் பெருக்கு, இரண்டு சைபர் சேர். இதைவிடச் சுலபமாக உலகத்தில் எதுவும் கிடையாது. கேட்டால்தானே?

தங்கபுஷ்பத்துக்குத் தன் வழிதான் வழி. “மூணு சைபரை அடி, மூணால பெருக்கு. ரூவாயிலருந்து போகணும்னா மூணால வகுத்து மூணு சைபரைப் போடு. முடிஞ்சுது சோலி.” அந்தக் கணக்கில் பத்து சதவீதம் உதைக்கும் என்றேன். “மொத்த வியாபாரத்துல அது தள்ளுபடி” என்றாள். இவள் கணக்குப்படி வியட்நாமில் எல்லாமே பத்து சதவீதம் மலிவு. அதனால்தான் கடை கடையாக ஏறி இறங்குகிறாள்.

ஜெபசெல்வி போனை மட்டும்தான் நம்புவாள். போன் ரூபாய்க்கு முந்நூற்று இரண்டரை என்று காட்டுகிறது. “அது உலகச் சந்தை ரேட்டு, நமக்குக் கிடைச்சது முந்நூறுதான்” என்று நான் தலைகீழாக நின்றாலும், “போன் பொய் சொல்லாதுக்கா” என்கிறாள்.

கோமதி என் வழியைத்தான் பின்பற்றுகிறாள், ஆனால் வழியில் ஒரு சைபரைத் தொலைத்துவிடுகிறாள். ஒன்றரை லட்சம் டாங் போட்டிருந்த ஓலைத் தொப்பியைப் பார்த்து, “அம்பது ரூவாதான் மதினி!” என்று துள்ளிக் குதித்து நான்கு வாங்கிவிட்டாள். சொந்தப் பணம். தொப்பி ஒன்று ஐநூறு ரூபாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய். நின் பின்

நேற்றுக் காலை: விமானத்தில் கொடுத்த ரொட்டி, வெண்ணெய், ஒரு சிவப்புப் பழம். பழத்தின் பெயர் தெரியாது, அதனால் அதை மறதியில் சேர்க்கக் கூடாது.

இப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் வந்ததில்லை. ஆறு. இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சுண்ணாம்புக்கல் மலை. மலைக்கு அடியில் குகை, குகைக்குள் படகு போகிறது. படகு ஓட்டுகிறவள் எங்கள் வயதுக்காரிதான். சாய்ந்து உட்கார்ந்துகொண்டு காலால் துடுப்புப் போடுகிறாள்! கை இரண்டும் சும்மா இருக்கிறது, கால் இரண்டும் வேலை பார்க்கிறது. ஜெபசெல்வி அசந்துபோய், “முப்பது வருசம் டிரில் எடுத்தேன், இப்படி ஒரு பயிற்சி எனக்குத் தெரியாம போச்சே” என்றாள். நான் கொண்டுபோயிருந்த கடலைமிட்டாயைக் கொடுத்தேன். ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் ஊர் மானம் காப்பாற்றப்பட்டது.

படகுக்கூலி டிக்கெட்டிலேயே சேர்த்தி. டிப்ஸ் மட்டும் இருபதாயிரம் கொடுத்தால் போதும், மடித்துக் கையில் வையுங்கள், அதுதான் மரியாதை என்று ஹான் சொல்லியிருந்தார். அதாவது அறுபத்தாறு ரூபாய். குகைக்குள்ளேயே ஒரு இருபதாயிரம் நோட்டை எடுத்து நான்காக மடித்து வைத்துக்கொண்டேன். கரையில் இறங்கும்போது கொடுத்தேன்.

அவள் பிரித்துப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நோட்டை என் கண்ணெதிரே நீட்டி ஏதோ கேட்டாள். இவ்வளவா என்று கேட்கிறாள் போலிருக்கிறது, பாவம், இங்கே யாரும் டிப்ஸ் கொடுப்பதில்லை என்று நினைத்தேன். அவள் விரலை மடக்கி, “வச்சுக்கோ தாயி, வச்சுக்கோ” என்றேன். அப்படியே என்னைக் கட்டிக்கொண்டாள்! ஓடிப்போய்த் தன் கூடையிலிருந்து பூவேலை செய்த மேசைவிரிப்பு ஒன்றை எடுத்துவந்து என் கையில் திணித்தாள். ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு. படகு மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அறுபத்தாறு ரூபாய்க்கு இவ்வளவு சந்தோஷமா? நம் ஊர் ஆட்டோக்காரரிடம் கொடுத்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

அன்றே, மாலை ஐந்தரை

இருப்பு இருக்க வேண்டியது: 1,03,40,000. கையில் இருப்பது: 98,60,000. குறைவு 4,80,000. மூன்று தடவை எண்ணிவிட்டேன்.

பொதுக் கணக்கு நோட்டில் எழுதுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். எழுதாமல் மறைக்கிறவள் காசாளர் இல்லை. மூவருக்கும் புரியட்டும் என்று அந்த நோட்டை ரூபாயில்தான் எழுதுகிறேன். “குறைவு ரூ. 1,600. தேடிக்கொண்டிருக்கிறேன். ச.க.” என்று எழுதி வைத்தேன்.

மார்ச் 5, புதன். ஹனாய்

நேற்றுக் காலை: அரிசி நூடுல்ஸ், அவித்த முட்டை, தர்பூசணி. தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

பகலெல்லாம் பழைய கடைத்தெருவில் சுற்றினோம். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஒவ்வொரு செலவையும் மனத்துக்குள் ஓட்டிக்கொண்டே நடந்தேன். “என்னக்கா, மூஞ்சி ஒருமாதிரி இருக்கு?” என்று ஜெபசெல்வி கேட்டாள். வெயில் என்றேன். மேகமூட்டமாக இருந்ததாம்.

மாலையில் எண்ணினேன். குறைவு இல்லை! 4,000 கூடுதல்!

முதலில் துள்ளினேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். நேற்று எண்ணியதில் தப்பு என்றால் இன்று சரியாகச் சைபர் வர வேண்டும். இந்த நாலாயிரம் எங்கிருந்து வந்தது? வங்கியில் குறைவைப் போலத்தான் கூடுதலும். குறைந்தால் கைக்காசைப் போட்டு அடைக்கலாம், கூடினால் அதுவும் முடியாது. யாரோ ஒருவருக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டோம் என்று உறுத்திக்கொண்டே இருக்கும்.

மார்ச் 6, வியாழன். ஹோய் ஆன்

நேற்றுக் காலை: ரொட்டிக்குள் ஆம்லெட் வைத்தது. ஆம்லெட்டா, பொரித்த முட்டையா? ஆம்லெட்தான். இல்லை, சந்தேகமாக இருக்கிறது.

கூடுதல் 5,37,000.

அதாவது ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் ரூபாய் ஆகாயத்திலிருந்து பைக்குள் விழுந்திருக்கிறது. நான்கு முறை எண்ணினேன். இரண்டு முறை தரையில் விரித்து வைத்து எண்ணினேன். கோமதி குளித்துவிட்டு வந்து, “என்ன மதினி, அப்பளம் காயப்போட்ட மாதிரி பரப்பி வச்சிருக்கிய?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

எழுதிவிடுகிறேன். முதுகு வலியெல்லாம் ஒன்றுமில்லை. ஓய்வுக்கு முந்திய மார்ச்சில் என் கவுண்டரில் மூன்று தடவை குறைவு வந்தது. ஐம்பது, நூற்றைம்பது, ஐம்பது. பெரிய தொகை இல்லை, கைக்காசைப் போட்டு அடைத்தேன். மேனேஜர் தன்மையாகத்தான் சொன்னார்: “கொஞ்ச நாளைக்குப் பாஸ்புக்கைப் பாருங்க மேடம்.” இருபத்தெட்டு வயதில் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து ஐம்பத்தொன்பதில் எழுந்தேன். வீட்டில் முதுகு வலி என்று சொன்னேன்.

பயம் பணத்தைப் பற்றியது இல்லை. அம்மா கடைசி மூன்று வருடம் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டு நாள் முழுதும் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, ஒன்று, ஒன்று என்று. நான் தினமும் இந்த நாட்குறிப்பில் முந்தின நாள் சாப்பாட்டை எழுதுவது பொழுதுபோக்குக்காக இல்லை.

மார்ச் 7, வெள்ளி. ஹோய் ஆன்

கூடுதல் 5,85,000. நேற்றைவிட 48,000 அதிகம்.

காலையில் எண்ணிய கையோடு பையையும் நோட்டையும் எடுத்துப்போய்த் தங்கபுஷ்பத்தின் அறையில் வைத்துவிட்டேன். “என்னால முடியல புஷ்பம். எண்ண எண்ண வேற வேறயா வருது. நீயே பாத்துக்கோ” என்றேன். அவள் பையை வாங்கிக் கட்டிலில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெபசெல்வியும் போனை நோண்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு தையல் கடைக்குப் போனோம். இந்த ஊரில் காலையில் அளவு கொடுத்தால் மறுநாள் உடுப்பு தயார். எனக்கு எதுவும் வேண்டாம் என்றேன். கோமதி விடவில்லை. “நாமளும் ஒரு குர்த்தா போட்டாத்தான் என்ன?” என்று என்னை உள்ளே தள்ளினாள். என் வயதுக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று சாம்பல் நிறத்தில் ஒரு பட்டுத்துணி எடுத்தேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “நல்லா எடுப்பா இருக்கு மதினி” என்றாள் கோமதி. சாம்பலில் என்ன எடுப்பு?

தைக்கிற கூலியோடு ஏழு லட்சம். வாசலில் போட்டிருந்த மேசையில் கடைக்காரப் பெண்ணுக்கு என் சொந்தப் பர்சிலிருந்து ஐந்து லட்சம் ஒன்றும் இரண்டு லட்சம் ஒன்றும் கொடுத்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு நோட்டை மட்டும் திரும்ப என் கையிலேயே வைத்தாள். இருபதாயிரம்.

“கடைக்குள்ள வெளிச்சமே இல்ல” என்றேன்.

கோமதி என் தோளைத் தொட்டாள். “மதினி, நாம கடைக்கு வெளிய நிக்கோம். உச்சி வெயிலு மண்டையைப் பொளக்குது.”

இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒரே மங்கல். “இது ரெண்டும் என்ன கலர் கோமு?” என்று கேட்டேன். “ரெண்டும் நீலந்தாம் மதினி. ஆனா இது வேற நீலம், அது வேற நீலம். இது பளிச்சுனு இருக்குல்லா? நீளமும் கூட.” பளிச்சென்று எனக்கு எதுவும் இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன். ஆமாம், ஐந்து லட்சம் ஒரு விரற்கடை நீளம் அதிகம். மடித்துவிட்டால் அதுவும் தெரியாது.

நான்காக மடித்துக் கொடுத்தேன் படகுக்காரிக்கு! ஐந்து லட்சத்தை இருபதாயிரம் என்று நினைத்துக் கொடுத்திருக்கிறேன். வித்தியாசம் நான்கு லட்சத்து எண்பதாயிரம். அவள் நோட்டை நீட்டிக் காட்டிக் கேட்டது இதைத்தான். நான்தான் பெரிய தர்மப்பிரபு மாதிரி விரலை மடக்கி வச்சுக்கோ என்றேன். நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டேன்.

ஆனால் சிரிப்பு அறைக்கு வரும்வரைதான் நீடித்தது. குறைவுக்குக் காரணம் கண் என்றே வைத்துக்கொள்வோம். இந்தக் கூடுதல்? கண் தெரியாமல் பணம் போகும். கண் தெரியாமல் பணம் வருமா? அதற்குப் புத்திதான் காரணமாக இருக்க வேண்டும்.

மார்ச் 8, சனி. ஹோய் ஆன்

இதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்: நான் நன்றாக இருக்கிறேன்!

காலை ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன். பால்கனியில் உட்கார்ந்து, மொத்தத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் எவ்வளவு நகர்ந்தது என்று தனித்தனியாக எழுதினேன். குறைவு 4,80,000 இருந்த இடத்தில் கூடுதல் 4,000 வந்தது. அப்படியானால் அன்று உள்ளே வந்தது 4,84,000. மறுநாள் வந்தது 5,33,000. அதற்கு மறுநாள் 48,000. மூன்று நாள், மூன்று தொகை. தப்பாக எண்ணுகிறவளுக்குத் தொகை ஏறும் இறங்கும். இது ஏறிக்கொண்டே போகிறது. பணம் போடுகிற கை ஒன்று இருக்கிறது.

மூன்றையும் ரூபாயாக்கிப் பார்த்தேன். கடைசித் தொகை 48,000. இரண்டு சைபரை வெட்டி மூன்றால் வகுத்தால் நூற்று அறுபது.

நூற்று அறுபது. நான் நோட்டில் எழுதிய ஆயிரத்து அறுநூறில் ஒரு சைபர் குறைவு.

ஒரு சைபரைத் தொலைக்கிறவள் உள்ளே கட்டிலில் படுத்து லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

மீதி இரண்டும் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. ஆயிரத்து அறுநூறை மூன்றால் வகுத்து மூன்று சைபர் போட்டால் 5,33,000. ஆயிரத்து அறுநூறை முந்நூற்று இரண்டரையால் பெருக்கினால் 4,84,000. ஒருத்தி மளிகைக் கடை, ஒருத்தி போன். மூன்றும் ஒரே ஆயிரத்து அறுநூறு ரூபாய்தான், மூன்று வேஷத்தில் வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. பால்கனியில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். கீழே சைக்கிளில் போன ஒருவர் நிமிர்ந்து பார்த்துக் கையாட்டினார். நானும் ஆட்டினேன்.

காலைச் சாப்பாட்டு மேசையில் பையை நடுவில் வைக்கச் சொன்னேன்.

“ஜெபா. அஞ்சாந்தேதி, நாலு லட்சத்து எண்பத்து நாலாயிரம். புஷ்பம், ஆறாந்தேதி, அஞ்சு லட்சத்து முப்பத்து மூவாயிரம். கோமு, நேத்து விடியக்காலம், நாற்பத்தெட்டாயிரம். ரசீது வேணுமா?”

ஜெபசெல்வியின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. மூவரும் என்னைப் பார்க்கவில்லை, ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். “ஏ, நீயும் போட்டியா?” “நீங்களுமாக்கா?” “மதினி முழிச்சிருவாவளோன்னு சுவரைப் புடிச்சுக்கிட்டே நடந்தேன், எனக்கு முந்தியே ரெண்டு பேரா?” ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் செய்திருக்கிறார்கள்.

“எப்பிடிட்டி கண்டுபுடிச்ச?” என்றாள் தங்கபுஷ்பம். சொன்னேன். சொல்லி முடிக்குமுன் ஜெபசெல்வி எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தாள். பக்கத்து மேசை வெள்ளைக்காரர்கள் காரணம் தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள்.

“நோட்டுல குறைவுன்னு எழுதியிருந்துச்சு. ரெண்டு நாளா நீ சரியாச் சாப்பிடல. சரி, ஆயிரத்தறுநூறு ரூவாதான, போட்டுட்டா நிம்மதியா இருப்பேன்னு நெனச்சேன். நேத்து நீ பையைக் கொண்டாந்து வைக்கையில எனக்கு உசிரே போச்சு” என்றாள் தங்கபுஷ்பம். அவள் கண் கலங்கியதை முதல் முறையாகப் பார்க்கிறேன்.

“எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னுல்லா நான் நெனச்சேன், கொலைகாரிகளா!” என்றேன். பிறகு மார்ச் மாதக் குறைவு, பாஸ்புக், அம்மா எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை நூடுல்ஸ் ஆறிப்போகும்வரை சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு இன்னொன்று உறைத்தது. நம் ஊர்ப் புது ஐம்பது நீலம், புது நூறு ஊதா. ஐம்பது, நூற்றைம்பது, ஐம்பது என்று குறைந்ததும் அதனால்தான். நூறை ஐம்பது என்று நினைத்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் கண் செய்த வேலை!

“மதினிக்குக் கண்ணு சரியில்லன்னு எனக்கு எப்பமோ தெரியும்” என்றாள் கோமதி. “நல்ல பல்பை மூணு தடவை மாத்துனாவ.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“சொன்னா கேக்கிற ஆளா நீங்க?”

கேட்கிற ஆள் இல்லைதான்.

படகுக்காரிக்குப் போனதைப் பொதுச் செலவில் எழுதுவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. ஆளுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம், அதாவது நானூறு ரூபாய். ஜெபசெல்விக்கு 3,64,000 திருப்பிக் கொடுத்தேன். தங்கபுஷ்பத்துக்கு 4,13,000. கோமதியிடம் 72,000 வாங்கினேன். என் பங்கைப் போட்டேன். எண்ணினேன். வித்தியாசம்: சைபர். இவ்வளவு அழகான சைபரை நான் பார்த்ததில்லை.

“அப்ப நான் வாங்குன தொப்பி?” என்று கோமதி மெதுவாகக் கேட்டாள்.

“ஒண்ணு ஐநூறு ரூவா.”

“யாத்தே!” என்று அவள் போட்ட சத்தத்தில் சமையல்காரரே வெளியே வந்துவிட்டார்.

பை திரும்ப என்னிடம். இனி யார் கையில் நோட்டுக் கொடுப்பதானாலும் கோமதி நிறம் சொல்வாள், நான் கணக்குச் சொல்வேன். சைபர் விஷயத்தில் அவள் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு.

மார்ச் 9, ஞாயிறு. விமானத்தில்

மீதி 8,40,000. ஆளுக்கு 2,10,000. ரூபாயில் எழுநூறு. நான்கு பேரும் கையெழுத்துப் போட்டுக் கணக்கை மூடினோம். எனக்கு ஒரு இருபதாயிரத்தை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டேன்.

குர்த்தாவைப் பெட்டியில் மடித்து வைத்ததே அவர்கள்தான். என்னைத் தொடவிடவில்லை. மூன்று பேருக்கும் ஏன் இப்படிச் சிரிப்பு வருகிறது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன். கோவில்பட்டி

திங்கட்கிழமை மதுரையில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கண்புரை முற்றிப்போய்ப் பல வருடம் ஆகியிருக்கும், நீல நிறத்தைத்தான் அது முதலில் தின்னும் என்றார் டாக்டர். “இவ்வளவு நாள் எப்படிம்மா சமாளிச்சீங்க?” என்று கேட்டார். பல்பைத் திட்டிச் சமாளித்தேன் என்று சொல்லவில்லை. இடது கண் அடுத்த மாதம்.

நேற்றுக் கட்டுப் பிரித்தார்கள். இன்று காலை கூடத்து விளக்கைப் போட்டேன். வளையம் இல்லை. எலக்ட்ரீஷியனைப் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவன் பயந்துவிட்டான் போலிருக்கிறது, “மேடம், இப்பம் என்ன பிரச்சினை?” என்றான்.

பர்சைக் கவிழ்த்து எல்லா நோட்டையும் மேசையில் பரப்பினேன். ஐம்பது ஐம்பதாகவும் நூறு நூறாகவும் இருந்தன. என் இருபதாயிரம் டாங் நீலமாக இருந்தது. உண்மையான நீலம். படகுக்காரியின் மேசைவிரிப்பில் வெளிர்ப்பச்சை என்று நினைத்திருந்த பூக்களும் நீலம்தான்.

அப்புறம்தான் குர்த்தா ஞாபகம் வந்தது. பீரோவைத் திறந்தேன்.

சாம்பலாம் சாம்பல்! மயில் கழுத்து நீலம். கல்யாணப் பெண்கூட யோசித்துத்தான் எடுப்பாள், அப்படி ஒரு நீலம். தையல் கடையில் மூவரும் பார்த்துக்கொண்டதும், “நல்லா எடுப்பா இருக்கு” என்று கோமதி சொன்னதும், பெட்டியைத் தொடவிடாமல் சிரித்ததும் எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. கோமதிக்குப் போன் போட்டேன். எடுத்தவுடன், “நீலத்தைப் பாத்துட்டியளா மதினி?” என்றாள். பின்னால் இன்னும் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. கட்டுப் பிரித்த நாளிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாளைக் காலை நடைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகப்போகிறேன். பஜார் வழியாகவே போவேன். பழைய மேனேஜர் எதிரே வந்தால் நின்று பேசுவேன்.

நேற்றுக் காலை என்ன சாப்பிட்டேன் என்று எழுத மறந்துவிட்டேன். பக்கமும் முடிந்துவிட்டது, போகட்டும்.